பாலைமலையில் ஒரு லீவு நாள்

ஓமனின் ஹஜர் மலைகளுக்குக் காரில் கிளம்பும் எல்லோரும் தூரக் கணக்கு போடுகிறார்கள். உயிரைக் காப்பது நேரக் கணக்கு.

ஜெபல் ஷம்ஸ் மலையின் தோளில் அல் கிதைம் என்றொரு சிற்றூர். டிசம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணி. சரளை மைதானத்தில் புழுதி படிந்த ஃபோர் வீல் வண்டிகள் தாறுமாறாக நிற்கின்றன. உள்ளூர்ப் பெண்கள் ஆட்டு ரோமத்தில் நெய்த சாவிக்கொத்துகளையும் சிறு விரிப்புகளையும் பரப்பி வைத்திருக்கிறார்கள். ஊரைத் தாண்டியதும் ஒற்றையடிப் பாதை பாறைச் சுவரை ஒட்டி நீள்கிறது. ஒரு பக்கம் செங்குத்தான சுண்ணாம்புக்கல். மறுபக்கம் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஆழத்துக்கு வெறும் காற்று. அடியில் இருக்கும் பேரீச்சந்தோப்பு மேலிருந்து நகத்தளவு பச்சையாகத் தெரிகிறது. மஞ்சள், வெள்ளை, சிவப்புக் கோடுகள் தீட்டிய கற்கள் வழிகாட்ட, மலையாளமும் தமிழும் அரபியும் ஜெர்மனும் கலந்த ஒரு கூட்டம் வரிசையாக நடக்கிறது. சிலர் காலில் ட்ரெக்கிங் ஷூ, சிலர் காலில் ரப்பர் செருப்பு. எலுமிச்சை சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே ஒருவர் நண்பரிடம் கேட்கிறார்: “இதைப் பார்த்துட்டு மிஸ்ஃபா, நிஸ்வா கோட்டை, அப்படியே ஜெபல் அக்தர்... நைட்டுக்குள்ள துபாய் போயிடலாம்ல?”

வளைகுடாவின் வாட்ஸ்அப் குழுக்களில் வாரம்தோறும் சுற்றும் கேள்விதான் இது. கூகுள் மேப்பைப் பார்த்தால் போகலாம் என்றே சொல்லும். அது சாலையின் நீளத்தையும் அந்த நேரத்துப் போக்குவரத்தையும் வைத்துப் பதில் சொல்கிறது. பாலைவன மலையில் ஒரு பகலுக்குள் வெயில், மேகம், இருட்டு, ஓட்டுநரின் களைப்பு என்று எத்தனையோ மாறுகின்றன. காலை எட்டு மணிக்குப் பாதுகாப்பாக இருந்த பாதை பிற்பகல் மூன்று மணிக்கு அப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. இந்த மலைகளுக்கு ஒரு நாள் பயணம் போவதில் தவறே இல்லை. அந்த ஒரு நாளை இடங்களின் பட்டியலாகப் பிரிக்காமல் மணிகளாகப் பிரிக்கத் தெரிய வேண்டும். இங்கே நேரும் விபத்துகளின் தன்மையைப் பார்த்தாலே இது விளங்கும்.

சாலை வந்த வேகம்

முசந்தம் முனையில் தொடங்கி ராஸ் அல் ஹத் வரை சுமார் 700 கிலோமீட்டர் நீள்கிறது ஹஜர் மலைத்தொடர். இதன் ஒரு பகுதி பழைய கடலின் தரை. சுமார் ஒன்பதரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான கடலடிப் பாறை, பின்னர் நிலத்தின் மேல் ஏறிக்கொண்டது. உலகெங்கும் உள்ள புவியியலாளர்கள் இதைப் பார்க்கவே ஓமனுக்கு வருகிறார்கள். மனிதர்கள் எளிதாக வரத் தொடங்கியதோ நேற்றைக்குத்தான். சுல்தான் காபூஸ் ஆட்சிக்கு வந்த 1970-ல் நாடு முழுவதிலும் இருந்த தார்ச்சாலை சுமார் 10 கிலோமீட்டர். இன்று ஜெபல் அக்தர் மலையில் 2,000 மீட்டர் உயரத்திலுள்ள சைக் மேட்டுநிலம் வரை அகலமான தார்ச்சாலை போகிறது. அமீரகத்தின் பக்கம், 1,934 மீட்டர் உயர ஜெபல் ஜைஸ் மலைக்கும் அப்படியே. அங்கே 2018-ல் 2.83 கிலோமீட்டர் நீள ஜிப்லைனும் வந்தது.

சாலை வந்த காலமும் தென்னிந்தியர்கள் இங்கே பெருகிய காலமும் ஏறக்குறைய ஒன்றே. கட்டுமானத் தொழிலாளி, செவிலியர், கணக்கர், கடை ஊழியர் எனப் பலருக்கும் வாரத்தில் உறுதியாகக் கிடைப்பது ஒரு நாள் ஓய்வு. ஓமனில் 2013 முதல் வெள்ளி, சனி வார விடுமுறை. அமீரக அரசு 2022 முதல் சனி, ஞாயிறுக்கு மாறி வெள்ளியை அரைநாள் ஆக்கியது. தனியார் நிறுவனங்களிலோ ஆறு நாள் வேலை இன்னும் சாதாரணம். நான்கு பேர் சேர்ந்து வண்டி வாடகையைப் பங்கு போட்டு, விடியற்காலையில் கிளம்பி இரவில் ரூமுக்குத் திரும்பி, மறுநாள் காலை வேலைக்குப் போவது ஆடம்பரம் இல்லை. அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே பயணம் அதுதான். அதனாலேயே அந்த ஒரு நாளுக்குள் எல்லாவற்றையும் திணிக்க மனம் துடிக்கிறது.

பெட்டி 1: ஹஜர் மலைகள், சில எண்கள்
• ஜெபல் ஷம்ஸ்: சுமார் 3,000 மீட்டர். ஓமனின் மிக உயர்ந்த மலை.
• அல் கிதைம் ‘பால்கனி’ நடைபாதை: கைவிடப்பட்ட சிற்றூர் வரை போய்த் திரும்ப மூன்று முதல் நான்கு மணி நேரம்.
• மஸ்கட் – நிஸ்வா: சுமார் 160 கி.மீ.
• மஸ்கட்டின் சராசரி ஆண்டு மழை: சுமார் 100 மி.மீ. (சென்னையில் சுமார் 1,400 மி.மீ.)
• மஸ்கட்டுக்குக் கிழக்கே கடலோரம் உள்ள குரியாத்தில் 2018 ஜூன் 26 அன்று பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை: 42.6 டிகிரி செல்சியஸ். இரவிலும் அதற்குக் கீழே இறங்கவில்லை.

உச்சி வெயிலுக்கு லீவு கிடையாது

வளைகுடாவில் வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சட்டம் உண்டு. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை திறந்தவெளியில் நேரடி வெயிலில் வேலை வாங்கக் கூடாது. ஓமனில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பன்னிரண்டரை முதல் மூன்றரை வரை. மனித உடல் அந்த நேரத்து வெப்பத்தைத் தாங்காது என்பதை அரசே ஒப்புக்கொண்ட சட்டம் இது. ஆனால் வேலைநாளில் இந்தச் சட்டத்தின் நிழலில் உட்காருபவரே விடுமுறை நாளில் அதே பன்னிரண்டரை மணிக்கு ‘வாதி’ எனப்படும் வறண்ட ஆற்றுப் பள்ளத்துக்குள் இறங்கி நடப்பதைப் பார்க்கலாம். சட்டம் முதலாளியைக் கட்டுப்படுத்தும், மலையேறுபவரைக் கட்டுப்படுத்தாது. வெயில் இருவரையும் ஒன்றுபோலவே நடத்தும்.

‘மலை குளிர்ச்சியாக இருக்குமே’ என்பது பாதி உண்மை. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறேழு டிகிரி குறையும். மஸ்கட்டில் 45 டிகிரி கொதிக்கும்போது சைக்கில் முப்பதை ஒட்டி இருக்கும். ஆபத்து அந்த ஆறுதலில்தான் ஒளிந்திருக்கிறது. உயரத்தில் காற்று வறண்டது. வியர்வை தோலில் தங்காமல் உடனே ஆவியாகிவிடும். சட்டை நனையாததால் வியர்க்கவில்லை என்று தோன்றும். கடும் வெயிலில் நடக்கும் உடல் மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட நீரை இழக்கக்கூடும். மூன்று மணி நேர நடைக்கு அரை லிட்டர் பாட்டிலோடு கிளம்பியவருக்குத் தாகம் தெரியவரும்போது பாதி வழி கடந்திருக்கும். பள்ளத்தாக்குக்குள் இறங்கும் பாதைகளில் இது இன்னும் மோசம். வழக்கமான மலையேற்றத்தில் கடினமான ஏற்றம் முதலில் வரும், முடியாதவர் பாதியில் திரும்பிவிடுவார். பள்ளத்தாக்கில் இறக்கம் முதலில் வருகிறது. சோர்ந்து போன பிறகு, வெயில் உச்சியில் நிற்கும்போது, ஏற்றம் காத்திருக்கிறது.

மழை பெய்வது ஓரிடம், வெள்ளம் வருவது வேறிடம்

பாலைவனத்தில் மழையா என்று கேட்பவர்களுக்கு 2024 ஏப்ரல் பதில் சொன்னது. அந்த மாதம் 14-ம் தேதி ஓமனின் வடக்கு ஷர்கியா பகுதியில், சமத் அல் ஷான் அருகே, பள்ளிக் குழந்தைகள் சென்ற வாகனம் வாதி வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. குழந்தைகள் பலர் இறந்தார்கள். இரண்டு நாள் கழித்து அமீரகத்தின் கத்ம் அல் ஷக்லாவில் 24 மணி நேரத்துக்குள் 254.8 மில்லிமீட்டர் மழை கொட்டியது. 1949-ல் பதிவுகள் தொடங்கியதிலிருந்து அந்த நாடு காணாத அளவு. அல் ஐன் வழியாக ஓமனுக்குக் காரில் போகிறவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானது. எல்லைச் சாவடி இருக்கும் இடம் அது.

வாதி என்பது ஆண்டின் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் காட்டாற்றுப் பள்ளம். மலை முழுக்க மொட்டைப் பாறை. நீரை உறிஞ்ச மண் இல்லை, தடுத்து நிறுத்தக் காடு இல்லை. எங்கோ முப்பது கிலோமீட்டர் மேலே அரை மணி நேரம் பெய்த மழை எல்லாப் பக்கமும் வழிந்து ஒரே பள்ளத்தில் சேர்ந்து, கல்லையும் மரத்தையும் உருட்டிக்கொண்டு கீழே வரும். அது வந்து சேரும் இடத்தில் வானம் நீலமாக இருக்கலாம். கோடையில் ஹஜர் மலைமேல் மேகம் திரள்வது பெரும்பாலும் பிற்பகலில். காலை முழுக்கச் சூடான பாறையிலிருந்து எழும் காற்று, கடலிலிருந்து வரும் ஈரக்காற்றோடு சேர்ந்து உயரே போகிறது. இரண்டு மூன்று மணி நேரத்தில் இடியும் மழையும். குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் மழை அமைப்புகள் வேறு வகை. அவற்றை ஓரிரு நாள் முன்னதாகவே வானிலை அறிக்கை சொல்லிவிடும். கோடை மேகத்துக்கு அத்தனை அவகாசம் கிடைப்பதில்லை. எனவே ‘நாள் முழுக்க மழை வாய்ப்பு குறைவு’ என்ற ஒற்றை வரியைப் பார்ப்பதை விட, பிற்பகல் ஒரு மணிக்குமேல் குறுகிய வாதிக்குள் இருக்கக் கூடாது என்று தீர்மானிப்பது அதிகப் பலன் தரும்.

பெட்டி 2: வெள்ளமும் சட்டமும்
• ஓடும் நீர் 30 செ.மீ. உயரம் இருந்தாலே சிறிய காரை நகர்த்திவிடும். 60 செ.மீ. பெரிய வண்டிகளையும் இழுத்துச் செல்லும்.
• ஓமனில் சாலை வாதியைக் கடக்கும் இடங்களில் வெள்ளை, சிவப்புக் கம்பங்கள் இருக்கும். நீர் சிவப்பைத் தொட்டால் வண்டி நிற்க வேண்டும்.
• அமீரகத்தில் 2023 முதல்: வெள்ளம் ஓடும் பள்ளத்தாக்குக்குள் வண்டியை இறக்கினால் 2,000 திர்ஹம் அபராதம், 23 கரும்புள்ளி, 60 நாள் வாகனப் பறிமுதல். மழை நேரத்தில் பள்ளத்தாக்கு, வெள்ளம், அணை அருகே கூடி நின்றாலே 1,000 திர்ஹம், 6 கரும்புள்ளி.
• அவசர உதவி: ஓமனில் 9999, அமீரகத்தில் 999.

ஏறியவர் இறங்கியாக வேண்டும்

ஜெபல் அக்தர் அடிவாரத்தில், பிர்கத் அல் மவ்ஸ் ஊருக்கு மேலே, போலீஸ் சாவடி ஒன்று ஒவ்வொரு வண்டியையும் நிறுத்துகிறது. ஃபோர் வீல் வண்டிக்கு மட்டுமே மேலே அனுமதி. முதன்முறை வருபவர்கள் எரிச்சலடைவார்கள். வழவழப்பான தார்ச்சாலை கண்ணெதிரே தெரியும்போது செடான் காருக்கு என்ன தடை? தடை ஏற்றத்தை நினைத்துப் போட்டதில்லை, இறக்கத்தை நினைத்துப் போட்டது. செங்குத்தான சரிவில் பல கிலோமீட்டர் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிமானம் இழக்கும். பிரேக் திரவம் கொதித்தால் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. அதற்காகவே இந்தச் சாலையில் கட்டுப்பாடு இழந்த வண்டிகள் ஏறி நிற்கத் தனி ஒதுங்குதடங்கள் அமைத்திருக்கிறார்கள். ஃபோர் வீல் வண்டியின் தாழ்ந்த கியர், என்ஜினைக் கொண்டே வேகத்தைப் பிடித்து வைக்கும். நீலகிரியின் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி இறக்கியவருக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஆனால் வளைகுடாவில் வண்டி ஓட்டக் கற்றவர்களில் பலர் சமவெளியின் நேர்கோட்டு நெடுஞ்சாலையில், ஆட்டோமேட்டிக் கியரில் பழகியவர்கள். கியரைக் கையால் தாழ்த்த அவர்களுக்குத் தேவையே வந்திருக்காது.

சாவடி வண்டியைச் சோதிக்கும், ஓட்டுநரின் கடிகாரத்தைச் சோதிக்காது. டிசம்பரில் இங்கே மாலை ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும். மலையின் கிழக்குச் சரிவில் நிழல் இன்னும் முன்னதாகவே விழும். ஆடுகளும் கழுதைகளும் சாலையில் நிற்கும் நேரம் அது. விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து, பகலெல்லாம் நடந்து, வயிறு நிறையச் சாப்பிட்ட ஓட்டுநருக்குக் கண் செருகும் நேரமும் அதுவே. அல் ஹம்ராவுக்கு மேலே ஷரஃப் அல் அலமைன் முகட்டைத் தாண்டி, பிலாத் சைத் வழியாக ருஸ்தாக் பக்கம் இறங்கும் வாதி பனி அவ்ஃப் பாதையில் தார்கூடக் கிடையாது. ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய சரளைத் தடத்தில், எதிரே இன்னொரு வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். ஓமனின் மிக அழகான சாலைப் பயணம் என்று பெயரெடுத்த அதே பாதையை இருட்டில் ஓட்டுபவர் அழகையும் பார்ப்பதில்லை, விளிம்பையும் பார்ப்பதில்லை.

ஊருக்கு மிஞ்சுவது என்ன?

அவசரத்தின் விலையைப் பயணி மட்டும் கொடுப்பதில்லை. அல் ஹம்ராவுக்கு மேலே உள்ள மிஸ்ஃபத் அல் அப்ரியீன், 2021-ல் ஐ.நா. சுற்றுலா அமைப்பு தேர்ந்தெடுத்த சிறந்த சுற்றுலா கிராமங்களில் ஒன்று. மண்ணும் கல்லும் சேர்ந்த வீடுகள், படிக்கட்டு வயல்கள், அவற்றுக்கு நீர் கொண்டுவரும் ஃபலஜ் வாய்க்கால். ஓமனில் இத்தகைய வாய்க்கால் அமைப்புகள் சுமார் 3,000 இன்னும் ஓடுகின்றன. அவற்றில் ஐந்தை யுனெஸ்கோ 2006-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. யார் வயலுக்கு எவ்வளவு நேரம் நீர் என்பது தலைமுறை தலைமுறையாகப் பங்கிட்டு வரும் உரிமை. அரை மணி நேரத்தில் ஊரைப் பார்த்துவிட்டு ஓடும் பயணிக்கு அந்த நீர் கால் நனைக்கும் வாய்க்காலாகவே தெரியும். பிஸ்கட் உறை, ஷாம்பு பாக்கெட், வீட்டு வாசலில் கேட்காமல் எடுத்த புகைப்படம் எல்லாம் அங்கிருந்தே தொடங்குகின்றன. நான்கு இடங்களை ஒரே நாளில் தொடும் பயணி சாப்பாட்டைக் கையோடு கொண்டுவருகிறார், பெட்ரோலை நகரத்திலேயே போட்டுக்கொள்கிறார். ஊருக்கு மிஞ்சுவது நெரிசலும் குப்பையும். அதே ஊரில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து காவாவும் பேரீச்சையும் வாங்கிச் சாப்பிட்டு, ஏப்ரலில் ஜெபல் அக்தரில் ரோஜா பறித்துப் பன்னீர் வடிப்பதை நின்று பார்த்து, ஒரு பாட்டில் வாங்கிச் செல்பவரால் ஊர்க்காரருக்கு வருமானம் உண்டு. இடங்களைக் குறைத்தால் பாதுகாப்பு கூடுகிறது. ஊருக்குப் போய்ச்சேரும் காசும் கூடுகிறது.

‘எல்லோரும் போய் வருகிறார்களே’

இடங்களைக் குறைக்கச் சொல்லும் இந்த வாதத்துக்கு எதிர்வாதங்கள் உண்டு, அவற்றில் நியாயமும் உண்டு. முதலாவது: வாரம்தோறும் எத்தனையோ கார்கள் போய்ப் பத்திரமாகத் திரும்புகின்றன, இவ்வளவு பயமுறுத்த வேண்டுமா? பெரும்பாலானவர்கள் பத்திரமாகத் திரும்புவது உண்மைதான். ஆனால் இந்த மலையில் தவறு ஒவ்வொரு முறையும் தண்டிக்கப்படுவதில்லை என்பதே சிக்கல். பத்து முறை பிற்பகலில் வாதியைக் கடந்து தப்பியவருக்கு அது பழக்கமாகிறது. பதினோராவது முறை மேலே மழை பெய்திருப்பதை அந்தப் பழக்கம் அவருக்குச் சொல்லாது.

இரண்டாவது எதிர்வாதம் வலுவானது: ஒரு நாள் லீவு உள்ளவனிடம் ‘நிதானமாகப் போ’ என்பது வசதியானவரின் அறிவுரை இல்லையா? மலை விடுதியில் இரவு தங்குங்கள் என்று சொன்னால் அப்படித்தான் ஆகும். இங்கே சொல்வது அதற்கு நேர்மாறு. நேரக் கணக்குக்குக் காசு செலவில்லை. நான்கு இடத்துக்குப் பதில் ஓர் இடம் போனால் பெட்ரோலும் மிச்சம். மஸ்கட்டில் இருப்பவருக்கு ஜெபல் ஷம்ஸ் நிறைவான ஒரு நாள் பயணம். துபாயில் இருப்பவருக்குப் போக மட்டும் குறைந்தது ஐந்து மணி நேரம், திரும்ப இன்னொரு ஐந்து, எல்லையில் நிற்கும் வரிசை தனி. டிசம்பர் பகலுக்குள் அது அடங்காது. அவருடைய ஒரு நாள் மலை ஜெபல் ஜைஸ் அல்லது ஹத்தா. ஓமனை இரண்டு நாள் சேர்ந்து கிடைக்கும் ஈத் விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது: கையில் போன் இருக்கிறது, ஹெலிகாப்டர் மீட்பு இருக்கிறது. பள்ளத்தாக்குக்குள் இறங்கினால் சிக்னல் பல இடங்களில் போய்விடும். மீட்புக்குழு திறமையானதுதான், ஆனால் யாரோ ஒருவர் தகவல் சொன்ன பிறகே அது கிளம்ப முடியும். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ரூமில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போனவரைத் தேடுவது எளிது. மணி சொல்லாமல் போனவரைத் தேடத் தொடங்கவே மறுநாள் ஆகிவிடும்.

நான்காவது, எதிர்ப்பக்கத்திலிருந்து வருவது: இத்தனை ஆபத்து என்றால் தடை செய்துவிடலாமே? தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியை 2018 குரங்கணி காட்டுத்தீக்குப் பிறகு நாம் எதிர்கொண்டோம். அந்த ஆண்டே மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024-ல் வனத்துறை நாற்பது பாதைகளை முறைப்படுத்தித் திறந்தது. அனுமதி, வழிகாட்டி, பாதையின் கடினம் என்று வகுத்த பிறகு மக்கள் மலைக்குப் போகிறார்கள். முழுத் தடை மக்களை மலையிலிருந்து விலக்காது, கவனிப்பார் இல்லாத பாதைக்குத் தள்ளும். பிர்கத் அல் மவ்ஸ் சாவடி காட்டும் வழி தடையைவிடச் சிறந்தது. அது மனிதரைத் தடுக்கவில்லை, பொருத்தமில்லாத வண்டியைத் தடுக்கிறது. அதே சாவடியில் இறக்கத்துக்கான கியர், அன்றைய மழை எச்சரிக்கை, சூரியன் மறையும் நேரம் மூன்றையும் பல மொழிகளில் எழுதிய பலகை ஒன்று வைத்தால் பெரிய செலவாகாது. இந்தி, உருது, வங்காளத்தோடு தமிழும் மலையாளமும் அதில் இருக்க வேண்டும். அந்தச் சாலையில் ஓட்டுபவர்களில் கணிசமானோர் அந்த மொழிகளில் யோசிப்பவர்கள்.

பெட்டி 3: மஸ்கட்டிலிருந்து ஜெபல் ஷம்ஸ் – ஒரு குளிர்கால நாளின் மணிக்கணக்கு
• விடியற்காலை 4.30: புறப்பாடு. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், உப்புள்ள தின்பண்டம், ஸ்வெட்டர். நிஸ்வாவில் பெட்ரோல் நிரப்புதல்.
• காலை 8.30: அல் கிதைமில் நடை தொடக்கம்.
• பகல் 12.30: நடை முடிந்து வண்டிக்குத் திரும்புதல். சாப்பாடு, ஓட்டுநருக்கு அரை மணித் தூக்கம்.
• பிற்பகல் 2.00: தாழ்ந்த கியரில் இறக்கம். 3.30-க்குள் நெடுஞ்சாலை.
• மாலை 5.30: இருட்டும்போது மஸ்கட்டை நெருங்கியிருக்க வேண்டும்.

பொறுப்பு யாருடையது?

அரசு சாலை போட்டது, சாவடி வைத்தது, சட்டம் இயற்றியது. இனி மிஞ்சுவது பயணத்தை ஏற்பாடு செய்பவர்களின் வேலை. வார இறுதிக் குழுவை நடத்துபவர், வாடகைக்கு வண்டி விடுபவர், ‘ஒரே நாளில் ஓமன்’ என்று ரீல்ஸ் போடுபவர் எல்லோரும் அதில் அடக்கம். இடங்களின் எண்ணிக்கையைக் காட்டி ஆள் சேர்ப்பதை அவர்கள் நிறுத்த வேண்டும். சரளைப் பாதையில் நேரும் சேதத்துக்குப் பல வாடகை ஒப்பந்தங்களில் காப்பீடு கிடையாது. எல்லை தாண்டும் அமீரக வண்டிக்கு ஓமனில் செல்லுபடியாகும் காப்பீடு, அதாவது ஆரஞ்சு கார்டு, வேண்டும். இதையெல்லாம் புறப்படும் முன்பே சொல்வது ஏற்பாட்டாளரின் கடமை. ஓட்டுநருக்கு மாற்றாள் இருக்கிறாரா என்று கேட்பது பயணியின் உரிமை. நடையை எத்தனை மணிக்கு முடித்தே ஆக வேண்டும் என்பதைச் சூரியன் மறையும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணி முந்தைய இரவே எழுதி வைக்கலாம். அந்த மணி வந்ததும், பாதை எவ்வளவு மிச்சமிருந்தாலும், திரும்பிவிட வேண்டும். இந்த ஒரு விதியைக் குழுவில் எல்லோரும் ஒப்புக்கொண்டால் வெயில், வெள்ளம், பிரேக், தூக்கம் என்ற நான்கு ஆபத்துகளும் ஒருசேரக் குறையும். வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே தனக்கென்று உள்ள மனிதருக்கு அடுத்த வாரமும் ஒரு நாள் வரும். மீதிப் பாதையை அன்றைக்கு நடக்கலாம்.